ஹால்வர் வீட்டு ஊசிவால் வாத்து

ஹால்வர் பிரெக்கேயிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "மோசமில்ல." சாப்பாடு எப்படி? மோசமில்ல. இடுப்பு வலி எப்படி? மோசமில்ல. லவோனைக் கல்யாணம் செய்துகொண்டு சர்ச் படியில் இறங்கும்போது என் வீட்டுக்காரர் கிளேட்டன், "எப்படிடா இருக்கு மாப்பிள்ளை?" என்று கேட்டதற்கும் அதையேதான் சொன்னாராம். லவோன் அன்றைக்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். எங்கள் ஊர் ஆண்பிள்ளைகளில் பாதிப் பேர் இப்படித்தான். நார்வேயிலிருந்து கப்பலேறி வந்த தாத்தாமார் பேச்சை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு வந்திருப்பார்கள். ஆர்டிஸுக்கு வாய் அதிகம் என்று ஊரே என்னைச் சொல்லும். சொல்லட்டும். வாயுள்ளவள் ஒருத்தியாவது இருந்தால்தானே இந்த மனிதரைப் பற்றி நாலு வார்த்தை மிஞ்சும்.

ஹால்வருக்குக் கவுண்டி சாலைத் துறையில் வேலை. குளிர்காலத்தில் பனி வாரும் லாரி ஓட்டுவார். கோடையில் அதே சாலைகளில் தார் ஊற்றிப் பள்ளம் அடைப்பார். பனி லாரி ஒரு வீட்டைத் தாண்டிப் போனால் அந்த வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு இடுப்பு உயரத்துக்கு ஒரு பனிக்கரையை விட்டுவிட்டுப் போகும். எல்லா ஓட்டுநர்களும் அப்படித்தான் போவார்கள், திட்டு வாங்குவார்கள். ஹால்வர் மட்டும் தனியாக இருக்கும் கிழவிகளின் வீடு வந்தால் பனியைத் தள்ளும் இரும்புப் பலகையைத் தூக்கிக்கொள்வார். மேலதிகாரி ஏன் என்று கேட்டால், "கை தவறிடுச்சு" என்பார். அவ்வளவுதான் அவருடைய நல்லது கெட்டது. பெரிய உடம்பு, சின்னக் குரல், நாளைக்கு ஏழெட்டுக் கோப்பை காப்பி.

அவருக்கும் லவோனுக்கும் வெகுநாள் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை டேரில். பிள்ளை அம்மாவைக் கொண்டிருந்தான், ஓயாத பேச்சு. மரக்கடையில் வேலை பார்த்தான். சனி ஞாயிறு வந்தால் அப்பாவும் மகனும் வேட்டை நாய் டச்சஸும் விடிவதற்கு முன்னால் வில்லோ ஏரிக்குப் படகை இழுத்துக்கொண்டு வாத்து வேட்டைக்குப் போய்விடுவார்கள். படகில் டேரில் பேசிக்கொண்டே இருப்பான், ஹால்வர் கேட்டுக்கொண்டே இருப்பார். அதுதான் அவர் வாழ்க்கையில் ருசித்துச் செய்த காரியம் என்று நான் அடித்துச் சொல்வேன்.

கிளேட்டன் வேட்டையில் விழுந்த பறவைகளையும் மிருகங்களையும் உயிரோடிருப்பதுபோலப் பாடம் செய்கிறவர். வீட்டுக்குப் பின்னால் கார் கொட்டகைதான் கடை. மான் தலை, மீன், வாத்து, எப்போதாவது ஒரு கரடி. எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டு ஃப்ரீசரில் ஐஸ்கிரீமுக்கு இடம் கிடைத்ததில்லை.

அக்டோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் பிரெக்கே வீட்டில் சீட்டாடக் காத்திருந்தோம். கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு டேரில் வந்தான். இரண்டு கையிலும் பச்சைப்பிள்ளையைத் தாங்குவதுபோல ஒரு வாத்து.

"அம்மா, இங்க பாரும்மா! பாரும்மா!"

"பூட்ஸைக் கழட்டுடா முதல்ல! இப்பத்தான் தரையைத் துடைச்சேன்" என்று கத்தினாள் லவோன். கத்தியவள் வாத்தைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

ஆண் ஊசிவால். காப்பிக்கொட்டை நிறத் தலை, கழுத்தில் வெள்ளைக் கோடு, சாம்பல் முதுகு, பின்னால் நீளமாக இரண்டு கறுப்பு வால் இறகுகள். எங்கள் ஊருக்கு மேலே பறந்து போகும் காலத்தில் ஊசிவாலுக்கு இறகு உடை பாதிதான் ஏறியிருக்கும். முழு உடையோடு பார்க்கவேண்டுமானால் தெற்கே லூசியானாவுக்குப் போகவேண்டும். இது எப்படியோ பின்தங்கி, முழு அலங்காரத்தோடு டேரிலின் துப்பாக்கிக்கு முன்னால் வந்திருக்கிறது.

"ஒரே குண்டு அத்தை! விழுந்ததும் டச்சஸ் பாயப் பார்த்தா. அப்பா அவ கழுத்துப் பட்டியைப் பிடிச்சு நிறுத்திட்டு, பல்லு படக்கூடாதுன்னு தானே தண்ணியில இறங்கிட்டார். இடுப்பளவு தண்ணி! குளிர்ல உதடு நீலமாயிடுச்சு" என்றான் டேரில் என்னிடம்.

"எப்படி இருந்துச்சு ஹால்வர்?" என்றேன்.

"மோசமில்ல" என்றார். ஆனால் அவர் காது சிவந்திருந்தது. அவருக்குச் சந்தோஷம் வந்தால் காதில்தான் தெரியும்.

அன்றைக்கு அவர் அந்த வாத்தை எடுத்து வைத்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துண்டு விரித்தார். கழுத்தைப் பிடித்துத் தூக்காமல் உடம்புக்கடியில் கைகொடுத்துக் கிடத்தினார். இறகில் இருந்த ரத்தத்தைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த பஞ்சால், இறகு வாக்கிலேயே, ஒற்றி ஒற்றி எடுத்தார். அலகைத் திறந்து தொண்டைக்குள் பஞ்சு அடைத்தார், உள்ளேயிருந்து எதுவும் ஒழுகி மார்பைக் கறையாக்கிவிடக் கூடாது. கால் சவ்வு காய்ந்து சுருங்காமலிருக்க ஈரத் தாளைச் சுற்றினார். பனி லாரியின் இரும்பு நெம்புகோலைப் பிடிக்கிற கை அது. அந்தக் கை ஓர் இறகைக்கூடக் கலைக்கவில்லை.

"குடலை எடுக்கறேன்னு வயித்துல கத்தி வச்சுடாதே" என்றார் கிளேட்டன்.

ஹால்வர் தலையைத் தூக்கி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏன் மாமா, குடல் உள்ள இருந்தா கெட்டுப்போகாதா?" என்றான் டேரில்.

"குழம்புக்குப் போற வாத்துக்குத்தான்டா குடல் எடுக்கணும். பாடம் பண்றதுக்கு முழுசா வேணும். கத்தி பட்டா வயித்து இறகெல்லாம் நாஸ்தி. உறைஞ்சு கிடக்கற வரைக்கும் உள்ள இருக்கறது ஒண்ணும் பண்ணாது."

ஹால்வர் வாத்தின் தலையை மடக்கி ஒரு சிறகின்மேல் சாய்த்து வைத்தார். பிறகு லவோனைப் பார்த்தார். லவோனுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே போய் ஒரு நைலான் காலுறையைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டாள். அந்தக் காலுறைக்குள் தலை முன்னால் போக வாத்தை நுழைத்தால் ஒவ்வோர் இறகும் அதனதன் இடத்தில் படிந்து நிற்கும்.

"புத்தம் புதுசு. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போடறதுக்கு வச்சிருந்தேன். இப்ப நான் வெறுங்காலோட போறேன், உங்க வாத்து போட்டுக்கிட்டு ஜம்முனு படுத்திருக்கட்டும்."

"இந்த ஊர்ல பொம்பளைங்க கால்ல இருக்கற ஸ்டாக்கிங்கைவிட ஃப்ரீசர்ல இருக்கறதுதான் ஜாஸ்தி" என்றார் கிளேட்டன். டேரில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

வால் இறகு ஒடியாமலிருக்க ஹால்வர் அதை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டினார். கனமான பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றையெல்லாம் அழுத்தி வெளியேற்றி வாயைக் கட்டினார். பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போகும் வழியில் ஒரு பெரிய பெட்டி ஃப்ரீசர் இருந்தது. அதன் அடியில், எதுவும் மேலே அழுத்தாத ஒரு மூலையில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்.

"எப்ப மாமா கொண்டுவரட்டும்?" என்றான் டேரில்.

"மான் சீசன் முடியட்டும்டா. என் ஃப்ரீசர்ல ஊசி குத்த இடமில்ல. நன்றி நாள் விருந்து கழிச்சுக் கொண்டா."

அதற்குள் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் சண்டை தொடங்கிவிட்டது. டேரிலுக்குப் பறக்கிற வாத்து வேண்டும். லவோனுக்கு நிற்கிற வாத்து.

"பறக்கறது எதுக்குடா? எப்பப் பார்த்தாலும் நம்ம வீட்டை விட்டுப் போறமாதிரியே இருக்கும்."

"இல்லம்மா, வீட்டுக்குள்ள வர்ற மாதிரி வச்சா வர்ற மாதிரி இருக்கும்!"

கடைசியில் சமையலறை ஜன்னலுக்கு மேலே மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் வாத்துக்கென்று லவோனே ஒரு பெரிய ஆணி அடித்தாள். பறப்பதா நிற்பதா என்று முடிவாகவில்லை.

நவம்பரில் முதல் பனி. சனிக்கிழமை விடிவதற்குள் ஹால்வருக்கு வேலைக்கு வரச்சொல்லி போன் வந்துவிட்டது. பறக்கிற வாத்தை ஏமாற்றி இறக்குவதற்காக முந்தின வாரம் ஏரியில் மிதக்கவிட்டு வந்த பொம்மை வாத்துகளை எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் பனிக்கட்டியில் சிக்கிவிடும். "நான் மட்டும் போய் எடுத்துட்டு வந்துடறேன்ப்பா" என்றான் டேரில். ஹால்வர் சரி என்றார். யாராயிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள். அன்றைக்குக் காற்று மாறி அடித்தது. சின்னப் படகு, கவிழ்ந்திருக்கிறது. மார்புவரை வரும் ரப்பர் பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் நீச்சல் தெரிந்தும் பயனில்லை.

மத்தியானம் ஏரிச் சாலையில் பனியை வாரிக்கொண்டு வந்தவர் ஹால்வர்தான். மகனுடைய பிக்கப் வண்டி கரையில் நின்றது. கூரைமேல் பனி கனமாக ஏறியிருந்தது. வண்டியிலிருந்து தண்ணீர்வரை போன காலடிகள் பாதி மூடிக் கிடந்தன. திரும்பி வந்த காலடி இல்லை. லாரியை அப்படியே சாலை நடுவில் நிறுத்திவிட்டு இறங்கியிருக்கிறார். அதற்குப் பிறகு அவரைப் பார்த்தவர்கள் சொன்னதை நான் எழுதப்போவதில்லை. மறுநாள் காலையில் உடலை எடுத்தார்கள். அவன் கையோடு கொண்டுபோயிருந்த துப்பாக்கி கிடைக்கவில்லை.

எங்கள் ஊரில் சாவு விழுந்தால் ஒருவருக்கும் வாயில் வார்த்தை வராது. ஆனால் எல்லோர் வீட்டு அடுப்பும் எரியும். இறைச்சி, காளான் சூப், மேலே உருளைக்கிழங்குத் துண்டுகள் போட்டுச் சுட்டெடுத்த ஹாட்டிஷ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேரும். அடியில் ஒட்டுத்தாளில் பேர் எழுதியிருக்கும், பிறகு தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுக்கவேண்டும். டேரிலை அடக்கம் செய்த அன்று நான் சர்ச் அடித்தளத்தில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் சர்ச் மிசஸ் தோர்சனும் மற்றப் பெண்களும் பிரெக்கே வீட்டில் உணவை அடுக்கப் போயிருந்தார்கள். ஃப்ரீசர் மீனும் மான்கறியுமாக நிறைந்திருந்தது. லவோன் சமையலறையில் கோட்டுக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"லவோன், இதையெல்லாம் எங்கம்மா வைக்கறது? ஃப்ரீசர்ல இடமே இல்லையே" என்று மிசஸ் தோர்சன் கேட்டிருக்கிறாள்.

"உள்ள இருக்கறதை எடுத்துத் தாழ்வாரத்துல வைங்க" என்று தலையைத் தூக்காமலேயே சொல்லியிருக்கிறாள் லவோன்.

இதில் யாரைக் குற்றம் சொல்வீர்கள்? குளிர்காலம் வந்துவிட்டால் எங்கள் எல்லோருக்கும் தாழ்வாரம்தான் இரண்டாவது ஃப்ரீசர். பீர், கேக், பண்டிகை இறைச்சி எல்லாம் அங்கேதான் இருக்கும். மூக்கு உறையும் குளிர் வெளியே. பெண்கள் மீனையும் மான்கறியையும் அடியில் கிடந்த பையையும் ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் பத்திரமாக அடுக்கி, நாய் நரி தொடாமல் மேலே பலகை வைத்து, கண்ணாடி போட்ட தாழ்வாரத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இரண்டு நாளில் தெற்குக் காற்று வீசியது. நவம்பரில் எப்போதாவது இப்படி வரும். கூரையெல்லாம் சொட்டியது. ஹால்வரை வேலைக்கு வரச்செய்த அந்தப் பனி, மகனைத் தனியாக ஏரிக்கு அனுப்ப வைத்த அந்தப் பனி, இருந்த இடம் தெரியாமல் ஓடிவிட்டது. ஏரியில் கட்டியிருந்த மெல்லிய பனிக்கட்டியும் விட்டது. ஹால்வர் இரும்புக் கொக்கிகளைக் கயிற்றில் கட்டிப் படகில் வைத்துக்கொண்டு தினமும் போனார். மகனுடைய துப்பாக்கியைத் தேடி ஏரியின் அடியை வாரினார். கிளேட்டன் கூடப் போனார்.

"நல்லவேளைடா, வெயில் அடிச்சுது. இல்லேன்னா வசந்தம்வரைக்கும் காத்திருக்கணும்" என்று படகில் ஹால்வர் சொன்னாராம். அந்த வெயிலுக்கு அவர் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். அதே வெயில் அவர் வீட்டுத் தாழ்வாரத்தின் மேற்குக் கண்ணாடி வழியாக அந்தப் பெட்டியின்மேல் மத்தியானம் முழுக்க விழுந்துகொண்டிருந்தது. பாழாய்ப்போன வெயில்! இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

துப்பாக்கி கிடைக்கவில்லை. குளிர் திரும்பி வந்தது, ஏரி மூடிக்கொண்டது, எல்லாம் மறுபடியும் உறைந்தது.

நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாள் விருந்துக்கு மறுநாள் ஹால்வர் ஃப்ரீசரைத் திறந்திருக்கிறார். மேலிருந்து அடிவரை ஹாட்டிஷ். ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்துவிட்டு அடி மூலையைத் தடவிப் பார்த்திருக்கிறார். பிறகு தாழ்வாரத்துப் பெட்டியைக் கண்டுபிடித்தார். உள்ளே எல்லாம் கல்லாக உறைந்திருந்தது. ஒன்றும் ஆகவில்லை என்று நினைக்க அவருக்கு அது போதுமாயிருந்தது. லவோனிடம் எங்கேயிருந்து எடுத்தார் என்று சொல்லவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியோட்டி எங்கள் கொட்டகைக்கு வந்தார்.

"பறக்கற மாதிரி பண்ணிடு. வீட்டுக்கு உள்ள வர்ற மாதிரி. லவோன் ஒத்துக்கிட்டா. அவன் கேட்டபடியே இருக்கட்டும்னுட்டா" என்றார் கிளேட்டனிடம்.

அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

கிளேட்டன் பையை வாங்கியதும் முகம் மாறியதை நான் கவனித்தேன். பைக்குள் பழுப்பாக ஏதோ உறைந்திருந்தது. "எங்கடா வச்சிருந்தே?" என்றார். ஹால்வர் பெட்டியைப் பற்றிச் சொன்னார். "சரி, உருகட்டும், பார்ப்போம்" என்றார் கிளேட்டன். ஹால்வர் வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த நாள் காலை வாத்து இளகும்வரை எங்கள் கொட்டகையிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு வால் இறகும் அட்டைக்கு நடுவில் ஒரு மடிப்பில்லாமல் நேராக இருந்தன. அதைக் காட்டி, "பாரு, வால் நல்லா இருக்கு" என்றார் என்னிடம்.

கிளேட்டன் காலுறையை வெட்டாமல் மெதுவாக உருவினார். நாற்றம் வந்தது. வயிற்றுப் பக்கம் தோல் பச்சைபூத்திருந்தது. இரண்டு விரலால் மார்பு இறகை லேசாகப் பிடித்தார். நல்ல தோலாக இருந்தால் பிடித்த இறகு விடாது. இது ஒரு கொத்தாகக் கையோடு வந்துவிட்டது. இன்னோர் இடத்தில் பிடித்தார். அங்கேயும் வந்தது. குடலோடு இருந்த வாத்து, இறுக்கிக் கட்டிய பைக்குள், வெயிலில் உள்ளேயிருந்து அழுகியிருக்கிறது. ஹால்வர் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்திருந்தார். சரியாகச் செய்ததுதான் அதை இன்னும் சீக்கிரம் கெடுத்தது.

"ஹால்வர்" என்றார் கிளேட்டன்.

"கழுத்து?"

"கழுத்தும் வரும்டா. தோல் நிக்காது. நான் என்ன பண்ணினாலும் நிக்காது."

ஹால்வர் வாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளேட்டன் அவசரமாக என்னென்னவோ சொன்னார். "இதைக் கேளு. எனக்குத் தெற்கே ஆள் இருக்கான். வேற ஊசிவால் வரவழைக்கறேன். இதே அளவு, இதே வால். லவோனுக்குத் தெரியவே தெரியாது. நான் கர்த்தர்மேல ஆணையா வாயைத் திறக்கமாட்டேன். ஆர்டிஸும் திறக்கமாட்டா."

"வேற வாத்தை வச்சுக்கிட்டு நான் என்னடா பண்றது? அது அவன் சுட்டதில்லையே" என்றார் ஹால்வர். "காலுறையை மாட்டி உள்ள வச்சுடு."

"எதுக்கு? இது இனிமே..."

"உள்ள வச்சுடு."

கிளேட்டன் காலுறையை மறுபடி மாட்டி, புதுப்பையில் போட்டு, எங்கள் ஃப்ரீசரின் மூலையில் வைத்தார்.

அந்த வாரம் ஹால்வர் கழுவிய தட்டுகளையெல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தார். மிசஸ் தோர்சன் தட்டை வாங்கிக்கொண்டு, "உங்க மீனு, மான்கறி எல்லாம் கிடைச்சுதா ஹால்வர்? லவோன்தான் தாழ்வாரத்துல வைக்கச் சொன்னா. ஒண்ணும் சிந்தாம நானே அடுக்கினேன்" என்றாளாம். நல்ல மனுஷி. ஹால்வர் சொன்னது, "எல்லாம் கிடைச்சுது. ரொம்ப நன்றி."

அங்கிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்து வாசற்படியிலேயே நின்றார். "வாத்து வரிசையில இருக்குன்னு லவோன்கிட்டச் சொல்லிடுங்க. நிறைய வேலை, நேரமாகும்னு."

"என்ன பேச்சு இது? பெத்தவ அவ. அவகிட்ட உண்மையைச் சொல்லாம?" என்று நான் பாய்ந்தேன்.

"அவ சொல்லித்தான் வெளிய வச்சாங்களாம். அதை நான் போய் அவகிட்டச் சொல்லணுமா ஆர்டிஸ்?"

என் வாய் அடைத்துப்போனது. என் ஆயுசில் அது நடந்தது அந்த ஒருமுறைதான்.

அப்படித்தான் தொடங்கியது. கூட்டுறவுக் கடையில் என்னைக் கண்டால் லவோன் சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவாள். "உன் வீட்டுக்காரர் எங்க வாத்தைத் தொட்டாச்சா?" நான் கார்ன்ஃபிளேக்ஸ் டப்பாவைப் பார்த்துக்கொண்டு, "வரிசையில இருக்கு லவோன்" என்பேன். அடுத்த வருடமும் கேட்டாள். அதற்கடுத்த வருடமும். ஹால்வர் பக்கத்தில் இருந்தால் இன்னும் உரக்கக் கேட்பாள். "கிளேட்டன் தூங்கறாரா என்ன? என் சாவுக்காவது வந்துசேருமா?" ஹால்வர் பூட்ஸ் நுனியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஊரில் கிளேட்டனுக்குச் சோம்பேறி என்று பேராகிவிட்டது. செத்த பிள்ளையின் வாத்தைக்கூட முடித்துத் தராதவன் என்றார்கள். பாதி வாடிக்கையாளர்கள் பக்கத்து ஊருக்குப் போனார்கள். கிளேட்டன் ஒருநாளும் வாயைத் திறக்கவில்லை. நான் வீட்டில் அவரைத்தான் திட்டித் தீர்த்தேன். வேறு யாரைத் திட்டுவது?

ஒவ்வொரு நவம்பரிலும் ஏரி மூடுவதற்கு முன்னால் ஹால்வர் கொக்கிகளை எடுத்துக்கொண்டு போவார். துப்பாக்கி இருந்தாலும் அதற்குள் துருப்பிடித்து ஒன்றுக்கும் உதவாமல் போயிருக்கும். அவருக்கும் தெரியும். போவார், வாருவார், வருவார். திரும்பும் வழியில் எங்கள் கொட்டகையில் நின்று ஃப்ரீசர் மூடியை ஒருதரம் தூக்கிப் பார்ப்பார். "எப்படி இருக்கீங்க ஹால்வர்?" என்றால், "மோசமில்ல" என்பார். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எதையாவது தூக்கிப் போட்டு உடைக்கவேண்டும்போல இருக்கும். வாத்து வேட்டைக்கு அவர் அதற்குப் பிறகு போகவேயில்லை. டச்சஸ் கிழடாகி அடுப்புப் பக்கத்திலேயே செத்துப்போனாள்.

இப்படிப் பத்துப் பன்னிரண்டு வருடம். போன ஜனவரியில் தன் வாசல் பனியைத் தானே வாரிக்கொண்டிருந்தபோது ஹால்வர் மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். லவோன் ஜன்னலிலிருந்து பார்த்து ஓடிவருவதற்குள் முடிந்துவிட்டது. நிலம் இரும்பாகக் கிடந்தது, குழி தோண்ட வழியில்லை. சர்ச் கொட்டகையில் சவப்பெட்டியை வைத்துப் பூட்டினார்கள். வசந்தத்தில்தான் மகனுக்குப் பக்கத்தில் இறக்கவேண்டும்.

மறுநாள் நான் என் ஹாட்டிஷைத் தூக்கிக்கொண்டு போனேன். வேறென்ன தெரியும் எங்களுக்கு? சமையலறை ஜன்னலுக்கு மேலே அந்த ஆணி அப்படியே இருந்தது. லவோன் என்னோடு ஃப்ரீசர்வரை வந்தாள். நான் மூடியைத் தூக்கினேன். உள்ளே ஒன்றுமில்லை. துடைத்து வைத்ததுபோல வெறும் பெட்டி, மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"தாழ்வாரத்துல மட்டும் எதையும் வைக்காதே ஆர்டிஸ்" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும்" என்றாள். "மூணாம் நாளோ நாலாம் நாளோ தாழ்வாரத்துப் பக்கம் போனேன். பெட்டிக்கு அடியில தண்ணி. உள்ள என்ன இருக்குன்னு அப்பத்தான் நினைப்பு வந்துச்சு. அப்பவே எடுத்து உள்ள வச்சிருந்தா ஒருவேளை பிழைச்சிருக்கும். எடுக்கல. பிள்ளையே மண்ணுக்குள்ள இருக்கான், வாத்து எதுக்குன்னு தோணிச்சு. போய்ப் படுத்துக்கிட்டேன். எந்திரிச்சப்ப வேணும்னு தோணிச்சு, பெட்டியில கையை விட்டுப் பார்த்தேன். மெத்துனு இருந்துச்சு."

"அப்ப ஏன் லவோன், வருஷக்கணக்கா என்னைக் கேட்டுக்கிட்டே இருந்தே?"

"எனக்குத் தெரியாதுன்னு அவர் நினைச்சுக்கிட்டிருந்தார். என்னைக் காப்பாத்தறதா நினைச்சுக்கிட்டிருந்தார். நான் கேக்கறதை நிறுத்தினா அவருக்குத் தெரிஞ்சுபோயிடும். தெரிஞ்சா, தண்ணியைப் பார்த்துட்டும் சும்மா போய்ப் படுத்தேன்னு சொல்லணும்ல? கிளேட்டன் பேரைத்தான் கெடுத்துட்டேன். மன்னிக்கச் சொல்லு."

ஒரே வீட்டில், ஒரே மேசையில், ஒரே அழுகிய வாத்தை ஆளுக்கொரு பக்கம் ஒளித்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் காப்பி குடித்திருக்கிறார்கள். ஒருநாள் சேர்ந்து உட்கார்ந்து அழுதிருக்கக் கூடாதா? கடவுளே, ஒரே ஒருநாள்! எனக்கு அவளை அடிக்கவேண்டும்போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளவேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"அது இன்னும் இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"கொண்டுவந்து குடு."

ஹாட்டிஷை அடுப்பு மேடைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். கிளேட்டனிடம் சொன்னேன். அவர் பையை எடுத்து என் கையில் கொடுத்தார். திரும்பி வந்தபோது லவோன் நான் விட்டுப்போன இடத்திலேயே நின்றிருந்தாள். பையைப் பிரித்துக் காலுறையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஒரு ஓட்டை இல்ல பாரு" என்றாள்.

குனிந்து அதை ஃப்ரீசரின் அடியில், அந்தப் பழைய மூலையில் படுக்க வைத்தாள். அந்தப் பெரிய பெட்டிக்குள் அது மட்டும்தான் இருந்தது. மூடியைச் சாத்தினாள். பிறகு மேடையிலிருந்து என் ஹாட்டிஷை எடுத்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"இடமில்ல ஆர்டிஸ்" என்றாள்.